எல்லை தாண்டி வந்த மின்சார வண்டி

மும்பையில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆனபின்னும், மோட்டார் வண்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு எழுந்ததில்லை. மின்சார ரயிலும் பேருந்தும் இருக்கையில் வண்டி எதற்கு என்றே வாளாவிருந்தோம். சென்ற ஆண்டு அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்பட்டு, வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. வாடகை வண்டிக்குக் காத்து நிற்கும் நேரமே அம்மாவைப் பெரிதும் வாட்டியது. அந்நிலையில் பெங்களூரிலிருந்து பெரியப்பா மகன் அண்ணன் தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, என் கண் இனி ஸ்டியரிங் பிடிக்க ஒத்துவராது. நான்கு வயதான மின்சார வண்டி சும்மா நிற்கிறது. சித்திக்குப் பயன்படட்டும். ஆறு லட்சம் கொடுத்தால் போதும், அதையும் முடிந்தபோது கொடு" என்றார்.

வண்டி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆயினும் ஒரு மாநிலத்து வண்டி இன்னொரு மாநிலத்து வண்டியாக மாறுவதற்கு இடையே எத்தனை படிகள் உள என்பதை அன்று அறிந்தோமில்லை. அப்படிகளையும், அவ்வண்டியில் நாங்கள் கண்ட வழியையும் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம். மாற்றல் உத்தியோகத்தால் ஊர் ஊராகச் செல்லும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது உதவக்கூடும்.

நம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வாகன வரி மாநிலங்களுக்கு உரியதாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரே நாட்டின் இரு மாநிலங்கள் வாகன வரியில் இரு நாடுகள் போலவே நடந்துகொள்கின்றன. பெட்ரோல் வண்டியானால், வாங்கிய மாநிலத்தில் ஆயுள் வரியை ஒரே தவணையில் கட்டிவிடுகிறோம். வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்யும்போது, வண்டியின் வயதுக்கேற்ப அங்கும் வரி கட்ட வேண்டும். பின்னர் பழைய மாநிலத்துக்கு விண்ணப்பித்து, எஞ்சிய காலத்துக்குரிய வரியைத் திரும்பப் பெற வேண்டும். முதலில் கையை விட்டுப் போகும் பணம் பெரிது; திரும்பி வரும் பணமோ மெல்ல வரும்.

மின்சார வண்டிக்கு இத்தொல்லை குறைவு. பல மாநிலங்கள் அதன் சாலை வரியை முழுதுமாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்திருக்கின்றன. ஆயினும் இச்சலுகை என்றும் நிலைப்பதன்று. கர்நாடகமே 2024-இல் 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்சார வண்டிகளுக்குப் பத்து விழுக்காடு ஆயுள் வரி விதித்தது. மகாராஷ்டிரத்திலும் 2025-இல் 30 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஆறு விழுக்காடு வரி என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்துப் பின்னர் கைவிட்டார்கள். எனவே பிறர் சென்ற ஆண்டு சொன்னதை நம்பாமல், மாற்றும் நாளில் நடப்பில் உள்ள விதியைக் கேட்டறிவதே முறை.

முதற்படி பெங்களூரில் தொடங்கியது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 48-ஆம் பிரிவின்படி, வண்டி பதிவான அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். அதற்குரியது படிவம் 28. பென்சிலால் தேய்த்தெடுத்த சேசிஸ் எண்ணின் பதிவும், காப்பீட்டுப் பத்திரமும், பதிவுப் புத்தகமும் அதனோடு இணைக்க வேண்டும். வண்டி களவுபோனதன்று என்பதற்குக் காவல் துறைப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். செலுத்தாத அபராதம் இருந்தால் கோப்பு நகராது. சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக அண்ணனின் பெயரில் இரண்டு அபராதங்கள் கிடந்தன. "நான் தாண்டவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே அவற்றைக் கட்டினார்.

பெரிய தடை வேறொன்று. வண்டி வாங்கியபோது ஒரு வங்கியில் கடன் எடுத்திருந்தார். கடன் தீர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் பதிவுப் புத்தகத்தில் அந்த வங்கியின் பெயர் நீங்காமலே இருந்தது. கடன் தீர்ந்தால் குறிப்பும் தானே அழியும் என்று அவர் எண்ணியிருக்கிறார். அழியாது. வங்கியும் உரிமையாளரும் படிவம் 35-இல் கையொப்பமிட்டுக் கொடுத்தால்தான் அழியும். அக்கையொப்பம் பெற மூன்று வாரம் அலைந்தார். இங்கே அம்மா வாடகை வண்டிக்காக வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார்கள்.

ஒரு வழியாகச் சான்று கிடைத்தது. விண்ணப்பித்த முப்பது நாட்களுக்குள் அலுவலகம் மறுப்புச் சொல்லாவிடில் சான்று கொடுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. அந்த விதியைச் சுட்டிக் காட்ட வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்று சிலர் கூறினர். அண்ணன் இசையவில்லை. "என் வண்டியை நானே கொண்டுவந்து சித்தியிடம் ஒப்படைப்பேன். நீ ஓட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார். காப்பீடு அவர் பெயரில் இருந்ததால் அதுவும் நல்லதாயிற்று.

பெங்களூரிலிருந்து மும்பை ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். எங்கள் வண்டி ஒருமுறை மின்னேற்றினால் இருநூறு கிலோமீட்டர் அளவே ஓடும். ஆகவே மூன்று நாட்பயணமாக வகுத்துக்கொண்டோம். விடியுமுன் புறப்பட்டுத் துமகூரைக் கடந்து ஹிரியூரில் முதன்முறை மின்னேற்றினோம். சித்ரதுர்க்கத்தில் பாறைகளோடு பாறையாக நிற்கும் கோட்டையைச் சாலையிலிருந்தே கண்டு வியந்தோம். தாவணகெரேயில் வெண்ணெய்த் தோசை உண்டோம். ஹரிஹரத்தருகே துங்கபத்திரையைக் கடந்தோம். ஹாவேரியில் மீண்டும் மின்னேற்றி, அந்தி மயங்கும் வேளையில் ஹூப்ளியை அடைந்தோம்.

மின்சார வண்டிப் பயணத்தில் நிற்கும் நேரம் மிகுதி என்பார்கள். உண்மையே. ஆயினும் அந்நேரம் எங்களுக்குப் பாழாகவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மணி நேரம் அண்ணன் பழங்கதை பேசினார். திருநெல்வேலியில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பின்னர் அவர் பெங்களூர், நாங்கள் மும்பை. திருமணங்களிலும் துக்கங்களிலும் மட்டுமே சந்தித்துவந்த எங்களுக்கு இத்தனை நேரம் சேர்ந்திருக்கும் வாய்ப்பு நாற்பது ஆண்டுகளில் இதுவே முதல்.

மறுநாள் தார்வாட்டில் பேடா வாங்கிக்கொண்டு பெல்காம் சென்றோம். இன்று பெலகாவி எனப்படும் இவ்வூர் 1956 வரை பம்பாய் மாகாணத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூருடன் சேர்ந்தது. மராத்தியர் இதனை ஏற்காமல் வழக்காடினர். 1966-இல் அமைத்த மகாஜன் ஆணையமும் பூசலைத் தீர்க்கவில்லை. 2004-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. கடைப் பலகைகளில் கன்னடமும் மராத்தியும் அடுத்தடுத்து நிற்கின்றன. மின்னேற்றும் நிலையத்துக் காவலாளியோ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசினார்.

புகையிலைக்குப் பெயர்பெற்ற நிப்பாணியைத் தாண்டினால் மாநில எல்லை. அங்கே யாராவது மறித்துக் காகிதம் கேட்பார்கள் என்று உறையைக் கையிலேயே வைத்திருந்தோம். எவரும் மறிக்கவில்லை. கரும்பு வயல் அப்பக்கமும் கரும்பு வயல் இப்பக்கமும். நடுவே வரவேற்புப் பலகை ஒன்று. முன்னாளில் மும்பை நகருக்குள் வரும் சரக்குக்கு முலுண்டிலும் தகிசரிலும் ஆக்ட்ராய் நாக்காவில் நின்று சுங்கம் கட்டியதை நம் பெரியோர் அறிவர். 2017 ஜூலை 1-ஆம் நாள் ஜி.எஸ்.டி. வந்தபோது அது ஒழிந்தது. இன்று எல்லை சாலையில் இல்லை, கோப்பில் இருக்கிறது.

அன்றிரவு கோலாப்பூரில் தங்கி மகாலட்சுமியைத் தரிசித்தோம். மூன்றாம் நாள் கிருஷ்ணையும் கொய்னாவும் கூடும் கராட் வழியாகச் சாத்தாரா, புனே கடந்து, பிற்பகல் கண்டாலா மலைச் சரிவில் இறங்கினோம். அங்கே ஒரு வியப்பு. உச்சியில் 41 விழுக்காடு காட்டிய மின்கலம் அடிவாரத்தில் 43 காட்டியது. இறக்கத்தில் சக்கரம் சுழலும் விசையையே மின்சாரமாக்கி வண்டி தானே சேமித்துக்கொள்கிறது. "இறங்கும்போது சம்பாதிக்கும் வண்டி" என்று அண்ணன் சிரித்தார்.

செம்பூரில் வீட்டை அடைந்ததும், அம்மாவின் முன்னிலையில் அண்ணன் படிவம் 29-லும் 30-லும் கையொப்பமிட்டார். மறுவாரம் எங்கள் பகுதி வாகன அலுவலகத்துக்குச் சென்றோம். வாயிலிலேயே ஒரு தரகர், "எல்லாம் முடித்துத்தர இருபத்தையாயிரம்" என்றார். அம்மாவின் ஒரு மாத மருத்துவச் செலவுக்கு அது பெருந்துணை. மறுத்துவிட்டு நாங்களே வரிசையில் நின்றோம்.

முதல் சாளரத்தில், புகைச் சான்று எங்கே என்று கேட்டார்கள். புகைக்குழாயே இல்லாத வண்டிக்குப் புகைச் சான்று எவ்வாறு கொடுப்பது! விண்ணப்பத்தில் எஞ்சின் எண் என்ற கட்டத்தில் மோட்டார் எண்ணை எழுதியதும் கேள்விக்குள்ளாயிற்று. இரண்டு முறை திரும்பி வந்தோம். மூன்றாம் முறை, மின்கல வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணமும் புதிய பதிவெண் கட்டணமும் இல்லை என்று மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 2-ஆம் நாள் வெளியிட்ட அறிவிக்கையின் நகலைக் கொண்டு சென்றோம். மூத்த அலுவலர் ஒருவர் அதனைப் பொறுமையாகப் படித்து, வண்டியைச் சுற்றிவந்து சேசிஸ் எண்ணை ஒப்பிட்டு, ஒப்பமிட்டார். சாலை வரிக் கட்டத்தில் சுழியம் விழுந்தது. கையில் காசோலையோடு சென்ற நாங்கள் அதனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

காப்பீட்டைப் பதினான்கு நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்தின்றி ஓட்டியதற்காக விற்றவர் பெற்றிருந்த கழிவு வாங்குபவருக்கு வராது. அவ்வித்தியாசத் தொகையை நாம் கட்ட வேண்டும். சுங்கச் சாவடி பாஸ்டேக் பழைய எண்ணோடு பிணைந்தது. அதனை விட்டுப் புதிது வாங்க வேண்டும். பழைய வண்டியை வியாபாரியிடம் வாங்கினால், அவருடைய லாபத் தொகையின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்தது. இருவர் தமக்குள் கைமாற்றிக்கொண்டால் அது கிடையாது.

அடிக்கடி மாற்றலாகும் அன்பர்கள் 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவைக் கருதலாம். அரசு ஊழியருக்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உடைய தனியார் நிறுவன ஊழியருக்கும் அது கிடைக்கும். வரியை ஈராண்டுத் தவணையாகக் கட்டலாம். மாநிலம் மாறினும் பதிவெண் மாறாது.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர், அங்குள்ள தம் மின்சார வண்டியைக் கொண்டுவரலாமா என்று எங்களிடம் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார் மூன்று வயதுக்கு மேற்படலாகாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். துபாய் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அதோடு பேச்சு முடிந்தது. ஆயினும் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டப்படி சுங்க வரி 70 விழுக்காடு. வேளாண் கட்டமைப்பு மேல்வரி 67.5 விழுக்காடு. துறைமுகத்தில் பத்து லட்சம் மதிப்புள்ள வண்டி இவ்விரண்டாலும் 23 லட்சத்து 75 ஆயிரம் ஆகிறது. அதன்மேல் மின்சார வண்டிக்குரிய 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 25 லட்சம். நண்பர் அங்கேயே விற்றுவிட்டு வருவதாகச் சொன்னார்.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் புதிய எண் வந்த அன்று அண்ணன் ஊர் திரும்பும் நாள். பழைய பலகைகளைக் கழற்றும்போது அருகிலேயே நின்றார். பின்னர் முன் இருக்கையில் அம்மாவை அமர்த்தி, பட்டையை அவரே மாட்டிவிட்டார். முதலில் அவரை ரயில் நிலையத்தில் இறக்கினோம். அங்கிருந்து மருத்துவமனை சென்றோம்.

இறங்கும்போது அம்மா சொன்னார்கள்: "அவனை இனி எப்போது பார்ப்பது? மூன்று வாரம் இருந்தான். காகிதம் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம்."

பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மற்றவற்றைப் பொறுமை பார்த்துக்கொள்ளும்.