வெள்ளை வேட்டியில் படியும் கரி

கும்பினியாரின் ஏற்றுமதித் துணிகளை வெளுப்பதற்கென்று சலவைத் தொழிலாளரைக் குடியமர்த்தியதால் உண்டான வண்ணாரப்பேட்டையிலே, காலையில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட வேட்டியை மாலையில் கறையின்றி எடுப்பது அரிதாகிவிட்டது. அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று அறியும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. விசாரிக்கப் புகுந்தபோது, ஒருவர் மணலி என்றார். இன்னொருவர் எண்ணூர் என்றார். பழைய வண்ணாரப்பேட்டையில் வயது முதிர்ந்த ஓர் அம்மையாரோ, “எல்லாம் ஹார்பர் நெலக்கரி தம்பி, வெரலால தேச்சுப் பாரு, நறநறங்கும்” என்று உறுதியாகச் சொன்னார்.

மூவர் சொன்னதும் உண்மை என்பதை எனக்கு விளக்கியவர் காசிமேட்டு மீனவப் பெரியவர் ஒருவர். “விடியக்காலம் கரையிலேர்ந்து காத்து வரும், பொழுது ஏறினா கடல்லேர்ந்து திரும்பும், பாய் கட்டிப் போன காலத்துல அதுதாம்பா எங்களுக்குப் பொழப்பு” என்றார் அவர். பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் கடற்காற்று உள்ளே வருவதும், இரவில் நிலம் முந்திக் குளிர்வதால் காற்று கடலை நோக்கித் திரும்புவதும் பாடப்புத்தகச் செய்திகளே. ஆயினும், தென்கிழக்கே துறைமுகமும், வடமேற்கே மணலியும், வடக்கே எண்ணூரும் சூழ்ந்த இந்தச் சமதளத்தில், அந்த எளிய விதியே எந்த வேளையில் எவருடைய புகை நம் வீட்டு வாசலுக்கு வரும் என்பதை நிர்ணயிக்கிறது.

அம்மையாரின் சாட்சியம் முன்பு மெய்யாயிருந்தது என்பதற்கு நீதிமன்றத்தின் தீர்ப்பே பிரமாணம். திறந்தவெளியில் குவித்த நிலக்கரியின் தூளைப் பிற்பகல் கடற்காற்று ராயபுரத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் சுமந்து வந்ததைக் குறித்து எழுந்த வழக்கில், சென்னைத் துறைமுகம் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாளக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்தின் நிம்மதிக்கு எண்ணூர்க் குப்பங்கள் விலை கொடுத்தன என்பதை எண்ணும்போது, அந்த வெற்றியை முழுமனத்துடன் கொண்டாட என்னால் இயலவில்லை.

மணலியின் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கிற்று; எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது; வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் எரிகிறது. உயர்ந்த புகைபோக்கி புகையை ஊருக்கு மேலே கொண்டுபோய்விடும் என்று நாம் நம்பலாம். ஆனால் கடலோரத்தில் அது முழு உண்மையன்று. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் கலையாமல் மிதந்து வரும் புகை, உள்நாட்டின் சூடேறிய நிலத்தினின்று எழும் காற்றோட்டத்தைச் சந்தித்த இடத்தில் கலக்கப்பட்டுத் தரைக்கு இறங்குகிறது. ஆலையின் அண்டையில் இருப்பவனைத் தாண்டிச் சென்று, சில மைல் தள்ளியிருப்பவனை மூச்சுத் திணறச் செய்வது இவ்விதமே.

இனிப் பருவங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்து நிறுத்துவதால் அது தாமதமாக வருகிறது. அதுவரை மேற்கேயுள்ள கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் நாற்றமே கதி. ஐப்பசி, கார்த்திகை மழை வானத்தையே கழுவிவிடுகிறது. கொடியது மார்கழியின் பின்பாதியும் தையும்தான். தெளிந்த இரவுகளில் தரை குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் நின்றுவிட, மணலிப் புகையும் லாரிப் புகையும் தெருமட்டத்திலேயே தேங்குகின்றன. போகியன்று டயர் கொளுத்துவதும் அதனோடு சேர்ந்தால் எதிர்வீடும் மறைந்துபோகிறது. அந்த நாட்களில் வேட்டியில் படிவது நறநறக்கும் தூளன்று. விரல் பட்டால் எண்ணெய்ப்பிசுக்குடன் இழுகும் புகைக்கரி.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் மணலியைக் கடும் மாசுப் பகுதியாக அறிவித்து 76.32 என்று மதிப்பெண்ணும் இட்டது. நுண்துகளுக்கு நம் தேசம் விதித்த எல்லை ஒரு நாளின் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 15. எந்த எல்லையாயினும் அது இருபத்துநான்கு மணி நேரத்தின் சராசரியாகையால், விடியற்கால விஷம் பிற்பகல் கடற்காற்றிலே கரைந்து கணக்கில் மறைந்துவிடுகிறது. பள்ளிக்குப் புறப்படும் குழந்தை சுவாசிப்பது சராசரியை அன்று. ஆகவே, மணிக்கு மணி அளவையும், அந்நேரத்துக் காற்றின் திசையையும் சேர்த்து, வடசென்னையின் ஒவ்வொரு வார்டிலும் தமிழில் பலகையிட்டு அறிவிக்குமாறு வாரியத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.