கல் சொல்லாத தியானம்

சேலம் கோட்டை ரோடு பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்டுவந்த சிலை புத்தருடையதுதான் என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2011இல் சேலத்துப் புத்தர் அறக்கட்டளை தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பு வந்ததிலிருந்து ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பத்து நாள் முகாம்களில் இன்று கற்றுத்தரும் விபாசனா தியானம் இந்த மண்ணின் சொத்தாம்; நாம் தொலைத்ததைப் பர்மாக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்தார்களாம். ஆத்தூர் தாண்டித் தலைவாசல் பக்கம் தியாகனூரில் ஆளுயரத்தை மிஞ்சிய புத்தர்கள் இருவர் தியானத்தில் அமர்ந்திருப்பதையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்தல். சிலை இருந்த ஊரில் தியானமும் இருந்தது என்று எதை வைத்து முடிவுகட்டுவது?

பெரியேரிச் சிலையிலிருந்தே தொடங்கினேன். நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் தொல்லியல் துறை கொடுத்த அறிக்கை சுருக்கமானது, தெளிவானது. கடினமான கல். தாமரைப் பீடத்தின் மேல் அர்த்த பத்மாசனம். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தியான முத்திரையில் கைகள். சுருள் முடி, உச்சியில் முடிச்சு, நீண்டு தொங்கும் காது. உடலிலிருந்து துண்டாகிப் போன தலையைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்து ஏனோதானோவென்று ஒட்டியிருக்கிறார்கள். இத்தனையும் சிலை யாருடையது என்ற கேள்விக்குப் போதும். என் கேள்விக்கு இதில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. மடியில் கை வைத்து அமர்வது சிற்பியின் இலக்கணம். சமணத் தீர்த்தங்கரர்களும் அப்படியேதான் அமர்ந்திருக்கிறார்கள். சிலைக்கு முன்னால் நின்றவர்கள் விளக்கேற்றினார்களா, பிக்குகளுக்குச் சோறு போட்டார்களா, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார்களா என்பதைக் கல் சொல்லாது. எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் இந்தச் சாட்சி தன் பெயருக்கு மேல் வாய் திறப்பதில்லை. சரி, காப்பியத்திடம் போகலாமென்றால் மணிமேகலையும் கைவிரிக்கிறது. பசிக்கு அமுதசுரபி உண்டு, 29ஆம் காதையில் தருக்கம் உண்டு, 30ஆம் காதையில் துன்பத்தின் காரணச் சங்கிலியான பன்னிரண்டு நிதானங்கள் உண்டு. உட்கார்ந்து உடம்பின் உணர்ச்சிகளைக் கவனிக்கும் முறை என்று எதுவும் அதில் விரியவில்லை.

ஆனால் இந்தக் கல் மனத்துக்கு வைத்தியம் பார்க்காமல் இருந்ததில்லை. சேலம், நாமக்கல் பக்கம் முனியப்பன் என்றால் பயத்துக்குப் பரிகாரம். குழந்தை தூக்கத்தில் அலறினாலும், காத்து கருப்பு பட்டதென்று சந்தேகம் வந்தாலும், முனியப்பன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டி, திருநீறு பூசி, கிடாயோ சேவலோ நேர்ந்துகொள்வது இங்கே இன்றும் நடக்கிற காரியம். அறநிலையத் துறை நீதிமன்றத்தில் சொன்னதும், நெடுங்காலமாக இது முனியப்பன் கோயில் என்பதைத்தான். அந்த வாதம் நிற்கவில்லை. இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பூசை கூடாது என்பது உத்தரவு. வரலாற்றுக்கு அது நியாயம் என்றே நினைக்கிறேன். பௌத்த இடங்கள் பல கிராமத் தெய்வங்களின் கோயில்களாக மாறின என்று மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் எழுதியதற்கு அரசு முத்திரையோடு ஒரு சான்று கிடைத்துவிட்டது. இருந்தாலும் இந்த ஊர் மனம் அந்தக் கல்லிடம் கேட்டது பயத்திலிருந்து காவல். பயம் என்ற அந்த ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் தேடல் கல்லை விட்டு ஏட்டுப் பக்கம் திரும்பியது.

ஏட்டில் தமிழ்நாடு நிறையவே இருக்கிறது, பாலி மொழியில். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற தியான வழிகாட்டி நூலை எழுதிய புத்தகோசர், காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற பிக்குவோடு தங்கியதை அங்குத்தர நிகாய உரையின் முடிவில் குறிப்பிடுகிறார். உறையூர்க்காரரான புத்ததத்தர் அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பட்டினத்து விகாரையில் எழுதினார். அவருடைய வினய நூல் ஒன்று களப்பிர அரசன் அச்சுதனின் பெயரைச் சொல்கிறது. விசுத்திமக்கத்துக்கு உரை கண்டவராக மரபு சொல்லும் தம்மபாலர், நெத்திப்பிரகரண உரையை நாகப்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியிருக்கிறார். பௌத்தத் தத்துவச் சுருக்கமான அபிதம்மத்தசங்கத்தை எழுதிய அனுருத்தரும், காஞ்சி நாட்டுக் காவேரி நகரில் பிறந்ததாகப் பரமத்தவினிச்சயத்தில் சொல்லிக்கொள்ளும் அனுருத்தரும் ஒருவரே என்பது பலர் கருத்து. எல்லாம் கடற்கரையும் காவிரிக் கழிமுகமும்தான், எங்கள் மேட்டு நிலத்துக்கு ஒரு பெயரும் இல்லை. போகட்டும். பர்மாவில் பிக்குகளின் பாடப்புத்தகமே அந்த அபிதம்மத்தசங்கம். 1885இல் மாண்டலே பிரிட்டிஷார் கையில் விழுந்து, மதத்தைத் தாங்க அரசன் இல்லாமல் போனபோது, லெடி சயாடோ (1846-1923) என்ற பிக்கு அந்தப் பாடநூலைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனார். 1897இல் அதற்கு அவர் எழுதிய உரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஆழ்ந்த சமாதி கைகூடாத குடும்பஸ்தரும் விபாசனா பழகலாம் என்று அவர் வாதிட்டார். அவர் வழியில் விவசாயியான சயா தெட்ஜி, அவருக்குப் பின் பர்மாவின் கணக்காயர் ஊ பா கின், அவரிடம் கற்று 1969இல் இந்தியா வந்து இந்த முகாம்களைத் தொடங்கிய கோயங்கா. ஆக, குடும்பஸ்தர் கூட்டமாக உட்காரும் இன்றைய முகாம், அரசிழந்த ஒரு நாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவலையிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டின் பங்கு அதன் பாடநூலில் இருக்கிறது.

முறை புதிது என்றால் போலியா என்று கேட்பார்கள். இல்லை. விசுத்திமக்கத்தின் 23 அத்தியாயங்களில் கடைசிப் பத்து, ஞானத்தின் படிகளை வரிசையாகச் சொல்கிறது. பர்மிய ஆசிரியர்கள் கையில் வைத்திருந்த வரைபடம் அதுதான். என் ஆட்சேபம் வேறு. அந்த வரைபடத்தில் நிம்மதிக்கு முன்னால் பயம் இருக்கிறது. எல்லாம் தோன்றி அழிவதை விடாமல் பார்ப்பவனுக்கு, அழிவு மட்டுமே தெரியும் ஒரு கட்டம் வரும். அடுத்தது பய ஞானம், அதற்கடுத்துக் குறை காணல், சலிப்பு, விடுபடத் துடித்தல். சமநிலை அதற்கும் அப்பால். இந்த ஞானம் தானே பயப்படுமா என்று கேட்டு, பயப்படாது என்கிறார் புத்தகோசர். நகர வாசலில் இருக்கும் மூன்று கரிநெருப்புக் குழிகளைப் பார்க்கும் கண்ணுள்ளவன் தான் அஞ்சுவதில்லை. விழுபவன் வேகுவான் என்று அறிகிறான், அவ்வளவே. முனியப்பன் பயத்தை வெளியே நின்று துரத்துகிறார். இந்த நூல் பயத்தை உள்ளே அழைத்து உட்காரவைத்து உற்றுப் பார்க்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே ‘மன அமைதி’ கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆனால் பலன் தெரிகிறதே என்பது வலுவான மறுப்பு, அதைத் தள்ள மாட்டேன். 47 சோதனைகளை, 3,515 பேரை ஒன்றாக எடுத்துப் பார்த்து 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைக்கின்றன என்றது. மருந்தையும் உடற்பயிற்சியையும் விட மேல் என்பதற்குச் சான்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. லிண்டால், பிரிட்டன் என்ற ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. தியானத்தால் சிரமப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், பயமும் பதற்றமும் மிகப் பலர் சொன்னவை. விசுத்திமக்கம் படித்தவருக்கு இது அதிர்ச்சியாக இராது. தீராத ஒற்றைத் தலைவலிக்காக 1955இல் கோயங்கா வந்து நின்றபோது, தலைவலி தீர்க்க இது மருந்தல்ல என்று ஊ பா கின் முதலில் தயங்கியதும் அந்த மரபின் நேர்மைதான்.

மனநோய் உண்டா என்று முகாம்களின் விண்ணப்பப் படிவம் முன்கூட்டியே கேட்கிறது, நல்லதுதான். புத்தகோசரின் ஏற்பாடு இதைவிட நிதானமானது. நாற்பது வகைத் தியானங்களை அடுக்கி, யாருக்கு எது என்று ஆசிரியர் ஆளைப் பார்த்துத்தான் தர வேண்டும் என்கிறார். நடையைப் பார், சாப்பிடுவதைப் பார், முற்றம் பெருக்குவதைப் பார். துடைப்பத்தை இறுக்கிப் பிடித்து, சத்தத்தோடு, இருபுறமும் மணலை வாரியடித்துக்கொண்டு, மேடும் பள்ளமுமாகப் பெருக்குபவன் கோப குணத்தவன், அவனுக்கு மைத்ரியோ நிறத்தியானமோ கொடு என்கிறது நூல். நூறு பேருக்கு ஒரே ஒலிப்பதிவைப் போட்டுக் கற்றுத்தரும் கூடத்தில் யார் கையிலும் யாரும் துடைப்பத்தைக் கொடுத்துப் பார்ப்பதில்லை.