ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்



போன வாரம் பேத்தி பிறந்தநாள் படம் போட்டிருந்தேன். கேக்கைப் பற்றிக் கேட்டவர்களைவிட, எனக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்த பச்சை ஜாடியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். "சார், ஊறுகாய் ஜாடியை எல்லாம் ஷோகேஸ்ல வைக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று 1991 பேட்ச் மாணவர் ஒருவர். "மாமா, அது பாட்டி வீட்டு ஜாடியா?" என்று தங்கை மகள். பதில் கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஊறுகாய் ஜாடி இல்லை, பூச்சாடி. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் 1926-ல் செய்தது. செய்த இடத்தின் பெயர் ரூக்வுட். பச்சை என்று சொன்னேனே தவிர, நம் ஊர்க் கணக்கில் அது மயில்கழுத்து. பளபளப்பே இருக்காது. தொட்டால் துவைத்து உலர்த்திய பருத்தித் துணி மாதிரி இருக்கும்.

2016-ல் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போயிருந்தபோது வாங்கினேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வயதானவர்கள் காலமானாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, பிள்ளைகள் வீட்டைத் திறந்துவிட்டு, சோபாவில் இருந்து கரண்டி வரை விலைச்சீட்டு ஒட்டி இரண்டு நாளில் விற்றுவிடுவார்கள். "செத்தவங்க வீட்டுச் சாமானையா வாங்கறது?" என்று என் மனைவி காரை விட்டே இறங்கவில்லை. நான் மட்டும் உள்ளே போனேன்.

ஒரு மேசையில் பத்துப் பதினைந்து ஜாடிகள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். என் வயதுதான் இருக்கும். அவர் ஜாடிகளின் அழகைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், வைத்தார். ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டி, அடியில் இருந்த முத்திரையைக் காட்டி விளக்கினார். எதிரில் நிற்பவர் கேட்காமலேயே சொல்லிக்கொடுக்கிறாரே, இவரும் வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இதுதான். 1886-ல் இருந்து ரூக்வுட் ஜாடிகளின் அடியில் ஆர், பி என்ற இரண்டு எழுத்துகளும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் பதிந்திருக்கும். அடுத்த ஆண்டு முதல் அதன் மேல் ஒரு தீச்சுடர். ஆண்டுக்கு ஒரு சுடராகக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1900-ல் பதினான்கு சுடர்கள் ஆயின. அதற்கு மேல் இடமில்லை. 1901 முதல் கீழே ரோமன் எண் போட்டார்கள். என் ஜாடியில் ரோமன் எண்ணில் 26. பக்கத்தில் வடிவத்துக்கு ஒரு எண், அளவுக்கு ஒரு எழுத்து. ஓவியர் கையால் வரைந்த ஜாடியாக இருந்தால், வரைந்தவரின் முதலெழுத்துகளையும் ஈர மண்ணிலேயே கீறியிருப்பார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கை என்று எல்லாம் அடியிலேயே எழுதியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மகளை நச்சரித்து சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ரூக்வுட் ஜாடிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். 1880-ல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய பட்டறை அது. முதல் கட்டடம் ஒரு பழைய பள்ளிக்கூடம் என்று படித்ததும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. படம் வரைந்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். 1887-ல் ஜப்பானில் இருந்து வந்து சேர்ந்த கட்டாரோ ஷிராயமதானி, ஜாடியின் அடியில் தன் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே எழுதியிருக்கிறார். அயலூரில், அயலார் பட்டறையில், தன் தாய்மொழியில் கையெழுத்து. அந்த ஜாடி முன்னால் நான் நின்ற நேரத்தில் மகள் காபி குடித்துவிட்டே வந்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் இது ரூக்வுட்டோடு நிற்கவில்லை. பாஸ்டனில் க்ரூபி, நியூ ஆர்லியன்ஸில் ஒரு மகளிர் கல்லூரி நடத்திய நியூகோம், கொலராடோவில் வான் பிரிகிள், டெட்ராயிட்டில் பெவாபிக் என்று ஊருக்கு ஊர் பட்டறைகள். பாஸ்டனில் ஒரு நூலகத்தின் வாசிப்பு வட்டத்துக்கு வந்த இத்தாலிய, யூத ஏழைப் பெண்கள் கிண்ணங்களும் தட்டுகளும் செய்தார்கள். தங்களைச் 'சனிக்கிழமை மாலைப் பெண்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்த ஒரு கிண்ணத்தையாவது வாங்கிவிட ஆசைதான். விலையைக் கேட்டதும் என் பென்ஷன் தலையை ஆட்டியது.

இதற்கெல்லாம் விதை இங்கிலாந்தில் விழுந்தது. இயந்திரம் மனிதனின் கையையும் மனத்தையும் சிறுமைப்படுத்துகிறது என்று ஜான் ரஸ்கின் எழுதினார். வில்லியம் மாரிஸ் அதைத் தன் பட்டறையில் செய்து காட்டினார். இது என்னமோ வெள்ளைக்காரர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். அதே ரஸ்கினின் ஒரு புத்தகத்தை 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்துத்தான் காந்தி தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசாமி, சிங்களக் கைவினைகளைப் பற்றிய தன் பெரிய நூலை 1908-ல் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார். சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய கலைப்பள்ளியில் மண்பாண்டத் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். 1884-ல் அதன் பொறுப்பை ஏற்ற ஹேவல் பின்னாளில் நம் கைத்தறிக்காக வாதாடியவர். எழும்பூரில் இருக்கும் கவின்கலைக் கல்லூரி அதுதான்.

பாடம் போதும். இனி சொல்லப்போவதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் முப்பத்தைந்து வருடம் தறிக்குழியில் கால் வைத்தவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவை நெய்ய மூன்று நாடா வேண்டும். ஓர் ஆளால் ஆகாது. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கரை நாடாவைத் தள்ள நான். பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கும் வரை. முந்தானைக்குப் பாவு மாற்றும்போது பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பேட்னி போடுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது.

அவர் நெய்ததெல்லாம் முதலாளி வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றே ஒன்று. 1968-ல் நூலையும் ஜரிகையையும் கடனுக்கு வாங்கி அம்மாவுக்காக நெய்தார். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. அதற்கு நாடா தள்ளியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஓர் இடத்தில் நான் தூங்கி விழுந்து கோர்வை பிசகிவிட்டது. முக்கால் அங்குலம் இருக்கும். அப்பா பிரிக்கவில்லை. "இருக்கட்டும், உங்க அம்மா கட்டிக்கிறதுதானே, கொசுவத்துல போயிடும்" என்றார்.

அம்மா 1994-ல் போய்விட்டாள். அதற்கு முன்பே அப்பா. 2001-ல் மகளுக்குக் கல்லூரியில் முதல் தவணை கட்ட வேண்டும். இருக்கிற கடன் போதாதா என்று பீரோவைத் திறந்தேன். தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்கறோம்" என்று குரல் போனது. வந்தவர் முந்தானையில் இருந்து ஒரு ஜரிகை இழையை உருவி, உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். "அந்தக் காலத்து ஜரிகை சார், வெள்ளி நல்லா இருக்கு" என்றார். எடை போட்டு மூன்று புடவைக்கு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் கொடுத்தார். அவர் ஏமாற்றவில்லை. அவர் தொழில் அது. அந்தத் துணி நெருப்புக்குப் போகும், வெள்ளி மட்டும் மிஞ்சும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். தவணையைக் கட்டினேன். மகள் படித்தாள், அமெரிக்கா போனாள்.

பதினைந்து வருடம் கழித்து அந்த மகள் வீட்டு மேசையில், யாரோ ஒருவருடைய 1926-ம் வருடத்து ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பூச்சாடிக்கு அவர்கள் பிறந்த ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். என் அப்பாவின் கை முப்பத்தைந்து வருடம் நெய்ததில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாமலே அவர் கை தெரிந்த ஒரே புடவையை நான் எடை போட்டு விற்றேன். அம்மாவின் வாசனையும் என் தூக்கத்தின் பிசகும் அந்த எடையில் சேரவில்லை. அன்று மகள் "என்னப்பா, கண்ல என்ன?" என்றாள். தூசி என்றேன்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. அப்பா கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர். ஏழாம் வகுப்பில் இருந்தபோது நான்தான் அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். நான்கு எழுத்து. என் முதல் மாணவர் அவர்தான். கற்ற பிறகு அந்தக் கையெழுத்தை அவர் போட்ட இடம் கூலி நோட்டு மட்டுமே. நம் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஊரின் பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. நெய்தவரின் பெயர் இன்னும் கூலி நோட்டோடு நிற்கிறது.

ரூக்வுட்டையும் ஒரேயடியாகப் புகழ மாட்டேன். படம் வரைந்தவர் பெயர் இருக்குமே தவிர, சக்கரத்தில் வனைந்தவர், சூளையில் வேகவைத்தவர் பெயர் இருக்காது. என்னுடையது அச்சில் வார்த்த ஜாடி. அதில் ஓவியர் பெயரும் கிடையாது. பெயர் உள்ளதை வாங்க எனக்கு வசதி போதவில்லை. அதோடு என் ஜாடியின் அடியில் ஒரு பெருக்கல் குறி செதுக்கியிருக்கிறது. சிறு குறை உள்ள ஜாடியை இரண்டாம் தரமாக ஒதுக்கப் போட்ட குறி அது. அதனால்தான் முப்பது டாலருக்குக் கிடைத்தது. முப்பத்துமூன்று வருடம் விடைத்தாளில் சிவப்பு மையால் அதே குறியைப் போட்டவன் நான். இந்த ஜாடியை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன், குறை எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. என்னிடம் அந்தக் குறியை வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாத்தியார் இப்போது அப்படித்தான் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2019-ல் மறுபடி போனபோது இன்னும் இரண்டு வாங்கினேன். வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்தில் அம்மாவின் மாவடு ஜாடியும், வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி மெருகுப் பானை ஒன்றும் இருக்கின்றன. ஆக மொத்தம் ஐந்துதான் என் சேகரிப்பு. அம்மாவின் ஜாடியையும் கவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டேன்: யாருடையது, எந்த வருடம் முதல், எந்த ஊறுகாய்.

இப்போது மாலை நேரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒரு நோட்டோடு போகிறேன். வயதான நெசவாளர்களிடம் அவர்கள் பெயர், குரு யார், நெய்த புடவைகளில் மறக்க முடியாதது எது என்று கேட்டு எழுதுகிறேன். இதுவரை நாற்பத்தொரு பேர். முதலில் "எதுக்கு சார் இதெல்லாம்?" என்பார்கள். பிறகு காபி வரும். பிறகு நிறுத்தவே மாட்டார்கள்.

உங்களிடம் ஒரு வீட்டுப்பாடம் கேட்கிறேன். பீரோவில் பாட்டி புடவை, அம்மா புடவை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எடுங்கள். பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் ஜரிகை ஒடியும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரு சின்னக் காடாத் துண்டில் யார் கட்டியது, எந்த வருடம், எதற்காக எடுத்தது என்று எழுதுங்கள். நெய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். காலி இடம் இருந்தால்தான் யாராவது ஒருநாள் கேட்பார்கள்.

விற்க வேண்டிய நெருக்கடி வந்தால் விற்றுவிடுங்கள், தப்பில்லை. பிள்ளை படிப்பைவிடப் புடவை பெரிதில்லை, அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். விற்குமுன் விரித்துப் போட்டு ஒரு படம் மட்டும் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை.

எழுதிய துண்டைப் படம் பிடித்துக் கீழே போடுங்கள். மதிப்பெண் கிடையாது. பெருக்கல் குறியும் கிடையாது.

உங்கள் அன்புள்ள,
சார்