உனக்கெதற்கு அந்த வேலை?

திருவரங்கத்தில் நாம் ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாளில், நமக்குப் பாடம் சொன்னவர் அனைவரும் ஆடவரே! சென்ற திங்கள் காவிரிப் பாலம் கடந்து, நம் மகள் பணிபுரியும் திருச்சி நடுநிலைப் பள்ளிக்குச் சென்றோம். ஆசிரியர் அறையில் ஆண் ஒரே ஒருவர். மற்றவர் யாவரும் பெண்டிர்.

நெஞ்சம் குளிர்ந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பணியைப் பெண்களுக்கே தருக என 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததன்றோ! அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், தமிழக அரசுப் பணிகளில் பெண்டிர்க்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்களே. இந்தியா முழுமைக்கும் கணக்கெடுத்தால், பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறார்கள்.

ஆனால், தோழர்களே, ஆண் ஏன் குறைந்தான்? பெண் விரட்டினாளா? இல்லை, இல்லை! அன்று மாலை நம் மகன் கேட்டான்: "அப்பா, நான் பி.எட். சேரட்டுமா?"

"அது பெண்களுக்கு ஏற்ற வேலையப்பா. பள்ளி விட்டதும் வீட்டைக் கவனிக்கலாம். உனக்கெதற்கு?" என்றோம் — மேடைதோறும் பெண்ணுரிமை முழங்கிய நாம்!

பகலெல்லாம் வகுப்பில் நின்று திரும்பிய மகள் அருகில்தான் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை, உலை வைக்க எழுந்தாள். அவளை உட்காரச் சொன்னோம். அரிசி களைய மகன் போனான். அடுப்பு மூட்ட நாம் போனோம். சோறு சற்றுக் குழைந்துவிட்டது. விண்ணப்பத் தாளை மறுநாள் நாமே வாங்கி வந்தோம்.