தண்ணீருக்குள் நின்ற மரங்கள்

வயலுக்குத் தண்ணீர் வரும் நாளைத் தாத்தா காதாலேயே கண்டுபிடிப்பார். விடிவதற்குமுன் வாய்க்காலில் முதல் சலசலப்பு கேட்டதும் திண்ணையிலிருந்து எழுந்து, "வந்துருச்சு தாயி" என்பார். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால்தான். "எங்கேருந்து தாத்தா வருது?" என்று நான் ஓயாமல் நச்சரித்ததால், மூன்றாம் வகுப்புக் கோடை விடுமுறையில் என்னைத் தேக்கடி ஏரிக்குக் கூட்டிப்போனார்.

லோயர் கேம்ப் தாண்டியதும் பஸ் மலையேறத் தொடங்கியது. சரிவில் இறங்கிய பெரிய இரும்புக் குழாய்களைக் காட்டி, "நம்ம தண்ணிதான். கரண்டு எடுத்துட்டுக் கீழே விடுவாக" என்றார். வளைவுக்கு வளைவு குளிர்ந்தது. குமுளியில் இறங்கியபோது தெருவே ஏலக்காயாய் மணத்தது.

ஏரியைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். சத்தமே இல்லை. எங்கள் வாய்க்கால் போடும் இரைச்சலில் ஒரு துளிகூட இங்கே கேட்கவில்லை. காடு மூடிய மலைகளுக்கு நடுவே, இடுக்குகளிலெல்லாம் நுழைந்து, பச்சையாக அசையாமல் கிடந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் விடும் தலைமதகு இருக்கும் திசையைத் தாத்தா காட்டினார். காட்டிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில் மட்டுமே அவர் அப்படி நின்று பார்த்திருக்கிறேன்.

படகில் போகும்போதுதான் அந்த மரங்களைக் கண்டேன். இலையில்லை, கிளையில்லை. கறுத்த அடிமரங்கள் மட்டும் கூட்டங்கூட்டமாகத் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நின்றன. உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தன. தூரத்துக் கரையில் ஒரு யானை குட்டியோடு நீர் குடித்தது. படகே அந்தப் பக்கம் திரும்பியது. நான் மட்டும் மரங்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் தாத்தா தண்ணிக்குள்ள நிக்குது?"

மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைப் பென்னிகுயிக் துரை மறித்த கதையைச் சொன்னார். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்பொடியும் அரைத்துக் கட்டி, 1895இல் முடிந்த அணை. மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த கூலியாட்கள் எத்தனையோ பேர். துரையின் படம் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அதனால் கதை பாதி தெரியும். மீதியை அன்றுதான் கேட்டேன்.

"இது முழுக்கக் காடா இருந்த எடம் தாயி. தண்ணி ஏற ஏற மரமெல்லாம் நின்ன எடத்துலயே முங்கிப்போச்சு. நாம திங்கிற சோறு இதுகளுக்கும் பட்ட கடன்தான்."

படகோரம் குனிந்து தண்ணீரில் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். எனக்கும் தெளித்தார்.

அந்த ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். சலசலப்பு கேட்டதும் அந்தமுறை நானும் விழித்துக்கொண்டேன். இருட்டில் அவரோடு வாய்க்கால் கரைக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். ஏரியில் தொட்ட அதே குளிர்ச்சி.

"மழ பெஞ்சா அந்த மரமெல்லாம் முங்கிருமா தாத்தா?"

"முங்கும். ஆனா உள்ள நின்னுக்கிட்டுதான் இருக்கும் தாயி."