காலையில் பிடிக்காத எஞ்சின்

போன கிழமை சுபஹுத் தொழுகை முடிந்து கரைக்குப் போனால், வாப்பா களைத்துப்போய்த் தோணி விளிம்பில் இருக்கிறார். கயிறு இழுத்து இழுத்துத் தோள் வீங்கியிருந்தது. கொட்டியாரக் குடாவுக்குள் மற்றத் தோணிகளெல்லாம் போய்விட்டன.

எங்களுடையது மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சின். சூடாகிவிட்டால் ஒரே இழுவையில் பிடிக்கும். காலையில்தான் இந்த அடம். பிளக்கைக் கழற்றினோம், நனைந்திருந்தது. புதுசு போட்டோம். சோக்கை இழுத்தோம், இன்னும் நனைந்தது. இரண்டு நாள் தொழில் போனது.

பிழை காலையில் இல்லை, முதல்நாள் பின்னேரத்தில். இந்த எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்த முன்னரும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலை மிச்சம் பிடிக்க அதை விட்டோம். பெற்றோல் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. காபரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது, பற்றாது. வகுப்பில் ஆவியாதல் படிப்பிக்கிற எங்களுக்கு, வாப்பாவின் தோள் வீங்கும்வரை இது உறைக்கவில்லை!

காபரேட்டரின் அடித் திருகாணியைத் தளர்த்தி மிச்சத்தை வடித்தோம். பெற்றோல் குழாயைக் கொழுவி, ரப்பர் பந்து இறுகும்வரை அமுக்கினோம். மூன்றாவது இழுவையில் பிடித்தது.

இப்போது திரும்பி வரும்போது கரை தெரிந்ததும் பெற்றோலுக்கு மாற்றுகிறோம். வாப்பா எங்களை ஏசவில்லை. தோளில் எண்ணெய் பூசிக்கொண்டு நேற்றும் கடலுக்குப் போனார். கயிறு இழுத்தது தம்பி.