கும்மிடிப்பூண்டியில் ஒரு கேடி!

"என்ன சார், நாதஸ்வரமா?"

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, உறை போட்ட அந்த நீளமான பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம், எதிர் சீட் பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க, கோல்ஃப் மட்டை."

பெரியவர் முகத்தில் ஏமாற்றம். "கச்சேரிக்குப் போறீங்கன்னு நினைச்சேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பை என்னுடையதல்ல. என்னோடு பி.காம். படித்த நண்பனுடையது. அவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் மேனேஜர். நான் ஒன்றாம் தேதி என்றால் என்னவென்றே தெரியாத ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். அன்றைக்கு அவனுக்குக் கேடி. கோல்ஃபில் பை தூக்குபவருக்கு அதுதான் பெயர். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ தொங்குமே, அந்தக் கேடி வேறு!

அவன் பை என் வீட்டுக்கு எப்படி வந்தது? அது ஒரு சோகக் கதை.

வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் வருவார். ஆர்டர் பற்றி ஆபீஸில் பேசமாட்டார். கோல்ஃப் மைதானத்தில் நடந்துகொண்டேதான் பேசுவார். "அடுத்த தடவை நீயும் வர்றே" என்று எம்.டி. சொல்லிவிட்டார். இவனும் செகண்ட் ஹேண்டில் ஒரு செட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்கு வந்து பயிற்சி மைதானத்தில் பந்தை விளாசினான். மூன்றாவது ஞாயிறு பந்து போகவில்லை; முதுகு போய்விட்டது.

நாலு நாள் படுக்கை. வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் இருக்க, பை என் வீட்டுப் பரண் ஏறியது. ஐந்தாம் நாள் போன் செய்தான். "கோல்ஃப் கிடக்குது மாப்ளே. பாப்பா ரெண்டு கையையும் நீட்டி 'தூக்குப்பா'ங்குது. தூக்க முடியலடா." முப்பத்தாறு வயசு ஆண்பிள்ளையின் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நிற்கிற பந்தை அடிக்க எதற்கய்யா உடம்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம், ஒரு கோழிமுட்டை கூட அதைவிடக் கொஞ்சம் கனம். ஆனால் அதை 108 மில்லிமீட்டர் அகலக் குழியில் தள்ள, 18 குழிக்கும் சேர்த்து 7, 8 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பை முறுக்கி அவிழ்க்க வேண்டும். எடை தூக்கினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் பயந்த காலத்தில், தென்னாப்பிரிக்காவின் கேரி ப்ளேயர் விடாமல் எடை தூக்கினார். 1965-க்குள் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றும் காட்டினார். 1997-ல் 21 வயது டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் தூக்கிக்கொண்டு போன பிறகுதான், கோல்ஃப்காரர்கள் கூட்டமாக ஜிம்முக்கு ஓடினார்கள்.

நண்பனைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் மட்டையைக் குறை சொல்லவில்லையாம். நாற்காலியைத்தான் சொன்னார். நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடையின் முன்பக்கமும் இடுப்பும் இறுகிப்போகும். பின்பக்கத் தசை தூங்கிவிடும். மேல்முதுகு கூன் போடும். மட்டையை வீசும்போது திரும்ப வேண்டியது இடுப்பும் மேல்முதுகும். இரண்டும் முரண்டு பிடித்தால், அந்த வேலை கீழ்முதுகின் தலையில் விழும். அதுவோ கொஞ்சம்தான் திரும்பக்கூடிய சமாசாரம். ஆபீஸில் இரண்டு பேர் லீவு போட்டால் மூன்றாவது ஆள் படும் பாடுதான்!

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் போக, டிபன் பாக்ஸும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். தினம் போய் வருகிறவருக்கு மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு ஆபீஸிலும் உட்காரத்தான் போகிறார்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் காதில் தமிழ் பாதி, தெலுங்கு கால், இந்தி கால். ஆந்திர எல்லை பக்கம்தான். சிப்காட் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். 18 குழி வேண்டுமென்றால் நந்தனம் காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானம் வரை போவானேன்? ரோட்டிலேயே எண்ணினேன், கம்பெனி கேட்டுக்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது!

மதியச் சாப்பாடு முடிந்து, கேட்டுக்கு எதிர் டீக்கடை ஓரம் காலி இடத்தில் நண்பன் மட்டையை எடுத்தான். மூன்று மாதம் கழித்து முதல் வீச்சு. பக்கத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மூட்டையின் இரு முனையைப் பிடித்து, ஒரு ஆட்டு, இரண்டு ஆட்டு, மூன்றாவது ஆட்டில் மூட்டை தானாக லாரிக்குள். கை வெறும் கயிறு மாதிரி. வேலை பூராவும் காலிலும் இடுப்பிலும்.

அவர்களில் மூத்தவர் டீ கிளாஸோடு வந்து நின்று பார்த்தார். "சார், நீங்க கையால வீசறீங்க. இடுப்பு சும்மா நிக்குது. கால்ல ஆரம்பிங்க."

பிசியோதெரபிஸ்ட் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்ன அதே வார்த்தை!

"எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"நமக்கும் முதுகு போயிருக்கு சார். போனப்புறம்தான் தெரிஞ்சுது. எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று சிரித்தார். சட்டைக்கு மேலாகவே தைல வாசனை அடித்தது. நண்பன் மட்டையை மெதுவாகக் கீழே சாய்த்தான். இவன் முதுகு விளையாடப் போய் பிடித்துக்கொண்டது. அவருடையது சம்பளத்துக்காக.

டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர்தான் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். 1993-ல் மறுபடியும் வென்றார். கேடியாகத் தொடங்கிய பெங்களூர் சி. முனியப்பா 2009-ல் வென்றார். பை தூக்கி நடந்த கால்கள் அவை. அந்த டீக்கடை ஓரத்தில் நின்றபோது எனக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை.

நண்பன் மூன்று மாதமாகச் செய்வது இதுதான். தினம் பத்து நிமிஷம். பிள்ளையாருக்குப் போடுவோமே தோப்புக்கரணம், அது 12. சுவருக்கு முதுகு காட்டி ஓரடி தள்ளி நின்று, முதுகை வளைக்காமல் பின்பக்கத்தால் சுவரைத் தொடுவது 10. நாற்காலியில் உட்கார்ந்து, தோள்மேல் குடையைக் குறுக்கே வைத்து இடமும் வலமும் திரும்புவது 10. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் அரை நிமிஷம், அப்புறம் மறுகால். ஷேர் ஆட்டோவுக்குப் பதில் நடை. மட்டையைத் தொடும் முன் ஐந்து நிமிஷம் உடம்பைச் சூடாக்குவது. வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ இதெல்லாம் வேண்டாம், நேரே டாக்டர்.

பெரியவர் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு வீச்சு. நாலாவதில் காற்று 'விஷ்' என்றது. "இப்ப சரி" என்று கிளாஸை வைத்துவிட்டு அவர் அடுத்த மூட்டைக்குப் போனார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனோம். பையைப் பார்த்ததும் வீட்டுக்காரி, "வாங்கண்ணா. இதையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார். எனக்குக் காபி வருமா என்ற சந்தேகம் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து பாப்பா ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டியது.

வீடு ஒரு நொடி அமைதியாகிவிட்டது. நண்பன் காலை அகட்டினான். பின்பக்கத்தைத் தள்ளி, முழங்காலை மடக்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, காலால் எழுந்தான். பாப்பா தோள்மேல் ஏறி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே.

சனிக்கிழமை எம்.டி.யோடு நந்தனம் போகிறான். பந்து எங்கே போகுமோ, கடவுளுக்கே வெளிச்சம். பை தூக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். நானும் இன்று காலையிலிருந்து தோப்புக்கரணம் போடுகிறேன். ஏழாவதில் மூச்சு வாங்குகிறது!